அதே மண், அதே தண்ணீர், அதே உரம்

இலையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறவர்களுக்குச் சில விதிகள் வைத்திருந்தேன். இலைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் இருக்க வேண்டும். கீழ் இலை ஒன்று, மேல் இலை ஒன்று என்று இரண்டு படம் வேண்டும். இலையை இரண்டு விரலால் பிடித்திருக்க வேண்டும், அப்போதுதான் அளவு தெரியும். வெயிலில் பாதி, நிழலில் பாதி விழ எடுத்து, 'சார் செடிக்கு என்னாச்சு' என்று ஒரு வரியைப் போட்டு அனுப்பினால் பதில் கிடையாது. கொஞ்சம் திமிர்தான். ஆனால் லேபர் கேம்ப் வாசலில் தெர்மாகோல் பெட்டியில் கீரை போட்டவர், ஷார்ஜா பிளாட் பால்கனியில் கறிவேப்பிலை வைத்தவர் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்டால் திமிர் தானாக வந்துவிடுகிறது.

ஷார்ஜாவிலிருந்து புஜைரா போகும் சாலையில், மலை ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் இருக்கிறது நான் வேலை பார்க்கும் பண்ணை. வெள்ளரிக்கும் தக்காளிக்குமான பசுமைக்குடில்கள். மண் கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து கப்பலில் வரும் தேங்காய் நார்க் கட்டியில்தான் வேர் ஓடும். சொட்டுக் குழாயில் நாம் என்ன கலந்து விடுகிறோமோ அதுதான் செடிக்குச் சோறு. ஏதாவது ஒன்று குறைந்தால் இலை காட்டிக்கொடுத்துவிடும். அந்த இலையைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போனில் வந்து விழும் படமெல்லாம் தானாகவே பண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு போல்டருக்குள் போய் உட்காரும்படி நானே செய்து வைத்திருந்தேன். பெரிய திரையில் பார்த்தால்தான் நரம்பு தெளிவாகத் தெரியும். அந்தப் போல்டரை மேனேஜர் பார்ப்பார். பண்ணை முதலாளியான கஃபீலின் மகன் வந்தால் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்ப்பார். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

ஜெபல் அலி துறைமுகத்தில் எங்கள் நார்க் கட்டி கண்டெய்னரைத் திறந்து சோதிக்கும் நாளில்தான் அக்காவின் படம் வந்தது. மண்போல இருக்கும் எதையும் அங்கே திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். நான் சரக்குப் பேப்பர்களோடு ஓரமாக நின்றிருந்தேன். ஒரு மோப்ப நாய் கண்டெய்னரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அக்கா கனடாவில் இருக்கிறாள். எனக்கு ஒரே அக்கா, ஆறு வயது மூத்தவள். 'தம்பி, கீழ இலையெல்லாம் மஞ்சளாகுது. என்னான்னு பாரேன்' என்று எழுதியிருந்தாள். வெள்ளைத் தாள், வெளிச்சம், விரல், எல்லாம் சரியாக இருந்தன. என் விதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்து வந்த முதல் படம் அதுதான். ஏழு விரல் விரித்த இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். விவசாயம் படிக்காதவனுக்கும் தெரியும் அது என்ன இலை என்று.

நாய் பத்தடி தூரத்தில் இருந்தது. போனுக்குள் இருப்பதை நாயால் மோந்து பார்க்க முடியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. படத்தை அழித்தேன். அழித்த படங்கள் போய்ச் சேரும் இடத்துக்குப் போய் அங்கேயும் அழித்தேன். அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது.

பேப்பர்களை டிரான்ஸ்போர்ட் ஆளிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் ஓட்டினேனா, வண்டி தானாகப் போனதா என்று தெரியாது. ஏசியை முழுதாக வைத்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு படத்தை வைத்திருப்பது குற்றமா இல்லையா என்பது எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. யாரிடமாவது கேட்கலாம் என்றால், நீ ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்கள். ஒவ்வொரு டிரெயிலராகத் தாண்டும்போதும், கஃபீலின் மகன் இன்றைக்குப் பார்த்து வந்திருப்பாரோ என்று மனசு அடித்துக்கொண்டது. பாதி வழியில் பயம் கோபமாக மாறியது. அக்காமேல் வந்த கோபம் அப்படியே மாமாமேல் போனது. அக்கா வீட்டுக்காரர் அமைதியான ஆள், பீர்கூடக் குடிக்க மாட்டார் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். குளிர் நாடு ஆளை மாற்றிவிட்டது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் பாய் உட்கார்ந்திருந்தார். எங்கள் பண்ணையில் உரம் கலப்பவர், பங்களாதேஷ்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரை பாய் என்பேன், அவரும் என்னை பாய் என்பார். எங்களுக்குள் பேச்சு உடைந்த ஹிந்தியில்தான். நான் கதவைத் திறந்து நின்ற கோலத்தைப் பார்த்தும் அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"வோ ஃபோட்டோ மேனே டெலீட் கர் தியா, பாய்" என்றார். படத்தை அவரே அழித்துவிட்டாராம். "கோயி நஹீ தேக்கா. கலாஸ்." வேறு யாரும் பார்க்கவில்லை, முடிந்தது என்றார்.

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "மேக்னீசியம் கம் ஹை" என்றார்.

மக்னீசியம் குறைவு. எனக்குச் சுருக்கென்றது. படத்தை நானும்தான் பார்த்தேன். செடி எது என்று பார்த்தேனே தவிர நோய் என்ன என்று பார்க்கவில்லை. உரம் கலக்கிறவர் பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே அப்போதுதான் காலை.

"அக்கா, உனக்கு அறிவு இருக்கா? நான் எந்த ஊர்ல இருக்கேன்னு தெரியும்ல?"

"என்னடா ஆச்சு?"

"அந்தப் படத்த இங்க எவனாவது பாத்தான்னா வேலை போறது இருக்கட்டும், உள்ளயே வச்சிருவாங்க."

"இங்க தப்பு இல்லடா. வீட்டுக்கு நாலு செடி வச்சுக்கலாம், அதான் நாலு வச்சேன். விதையே கடையில விக்கிறாங்க."

"அப்ப அங்கயே எவன்கிட்டயாவது கேட்டுக்க. மாமாவுக்கு இந்த வயசுல இது ஒண்ணுதான் குறைச்சலா?"

"சரிடா, தெரியாம அனுப்பிட்டேன். விடு. நீ சாப்டியா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வைத்தேன். நீ சாப்பிட்டாயா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா வழக்கம்போல எப்போதாவது காலை வணக்கம் அனுப்பினாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நோய் தெரிந்த இலையை அப்படியே விட்டுவிட என்னால் முடியாது. அது என் வியாதி. வெள்ளரி வரிசையில் நடந்தால் அந்த இலைதான் கண் முன்னால் வந்தது. மக்னீசியம் என்று தெரிந்துவிட்டது, ஆனால் ஏன் குறைந்தது? தண்ணீரா? உரமா? செடிக்குள் மக்னீசியம் நகரக்கூடியது. குறைந்தால் செடி தன் கீழே இருக்கும் பழைய இலையிலிருந்து உருவி மேலே குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் கீழ் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் மஞ்சளாகிறது. விவரம் தெரியாதவர்கள் மஞ்சளைப் பார்த்ததும் பசி என்று நினைத்து யூரியாவைக் கொட்டுவார்கள். அக்கா கொட்டுகிறாளோ என்னவோ. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பாயிடம் எரிந்து விழுந்தேன், டிரைவரிடம் எரிந்து விழுந்தேன். யாரோ அனுப்பிய கீரைப் படத்துக்கு, 'கீரையை ஏன் சார் கஷ்டப்படுத்துறீங்க' என்று பதில் போட்டேன்.

வழி பாயின் பழக்கம் ஒன்றிலிருந்துதான் கிடைத்தது. வெள்ளரிக் குடிலில் ஒவ்வொரு வரிசை முனையிலும் அவர் ஒரு தக்காளிச் செடி வைத்துவிடுவார். அதே குழாய், அதே தண்ணீர். மக்னீசியம் குறைந்தால் தக்காளி சீக்கிரம் காட்டிவிடும், வெள்ளரி வாடுவதற்குள் சரி செய்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஒரு நாள் அந்தத் தக்காளியைத் தாண்டிப் போனவன் நின்று திரும்பிப் பார்த்தேன்.

"அக்கா, ஒரு தக்காளி நாத்து வாங்கு" என்றேன் போனில். "உன்னோட... அதுக்குப் பக்கத்துல வை. அதே மண்ணு, அதே தண்ணி, அதே உரம். அதுக்கு என்ன பண்ணுறியோ இதுக்கும் பண்ணு. தக்காளிய மட்டும் படம் எடுத்து அனுப்பு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தக்காளியப் பாத்தா உங்க ஊர்ல பிடிக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க. அத நானே வளக்குறேன்."

தக்காளி மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று வாரமும் நான்தான் பிரசவத்துக்குக் காத்திருப்பவன் மாதிரி போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் வந்த படத்தில் பாடப் புத்தகத்தில் போடுகிற அளவுக்குச் சுத்தமான நோய். கீழ் இலை, பச்சை நரம்பு, நடுவில் மஞ்சள். மகிழ்ச்சியில் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். தக்காளி என்பதால் சத்தமாகவே கூப்பிட்டேன்.

"என்னக்கா ஊத்துற செடிக்கு?"

"பெருசா ஒண்ணும் இல்லடா. வாழப்பழத் தோலு ஊறவச்ச தண்ணி. அரிசி கழுவுன தண்ணி. மாமா கறி சுடுற அடுப்புல இருந்து சாம்பல் ரெண்டு பிடி. வாரம் மூணு தடவ."

"யார் சொன்னா?"

"யூடியூப்ல நம்மூர்ப் பொண்ணு ஒருத்தி சொல்லுச்சு. நல்லாத்தான் சொல்லுச்சு."

நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் கனடாவில் உட்கார்ந்து ஒரு செடியை இந்தப் பாடு படுத்த மாட்டார்கள். வாழைப்பழத் தோலிலும் சாம்பலிலும் இருப்பது பொட்டாஷ். குறுகலான பஸ் வாசலில் ஒரே ஆள் முண்டிக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவர் ஏற முடியாதல்லவா, அப்படிப் பொட்டாஷ் நின்றுகொண்டு மக்னீசியத்தை உள்ளே விடாது. மண்ணில் மக்னீசியம் இருந்திருக்கும். செடிக்குத்தான் போய்ச் சேரவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். மருந்துக் கடையில் மக்னீசியம் உள்ள எப்சம் உப்பு வாங்கி, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கச் சொன்னேன். தக்காளிக்கு மட்டுமா என்று கேட்டாள். எல்லாத்துக்கும்தான் என்றேன். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, அதை நினைத்துக் கவலைப்படாதே, அதற்கு மேலே இருக்கும் இலை மஞ்சளாகாமல் நின்றால் போதும் என்றேன்.

நின்றது. ஆனால் இரண்டு வாரத்தில் புதுப் பிரச்சினை வந்தது. இப்போது குருத்து வெளுத்தது. கீழே பச்சை, மேலே வெளிர் மஞ்சள் என்றால் அது இரும்பு. இரும்பு நகராது, கீழேயிருந்து கடன் வாங்க முடியாது, அதனால் அடி விழுவது குருத்துக்கு. சாம்பல் போட்ட மண் காரமாகிவிட்டால் வேரால் இரும்பை எடுக்க முடியாது. எனக்குச் சந்தேகமே இல்லை, இருந்தாலும் மேல் இலையை நன்றாகப் பிடித்து ஒரு படம் அனுப்பச் சொன்னேன்.

படம் வந்தபோது குடிலுக்குள் டீ நேரம். பாயிடம் போனைக் கொடுத்து, இரும்புதானே என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கினார். இலைப் பக்கம் பெரிதாக்கவில்லை.

"யே ஹாத் கிஸ்கா ஹை, பாய்?" என்றார். இது யார் கை?

"மேரி தீதி கா." என் அக்காவோடது.

அவர் போனை என்னிடம் திருப்பிப் பிடித்தார். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. ஆள்காட்டி விரல் நகத்தில் குறுக்கே கோடு கோடாக இருந்தது. விரல் நுனி காய்ந்து சுருங்கியிருந்தது. அவருடைய அண்ணனுக்கு டாக்காவில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியபோது நகமெல்லாம் இப்படித்தான் ஆனது என்று மெதுவாகச் சொன்னார். அக்கா தோட்டத்தில் வேலை செய்கிறாள், மண் கறையாக இருக்கும் என்றேன்.

"பெஹ்லே வாலே மே பீ தா" என்றார். முதலில் வந்த படத்திலும் இருந்ததாம்.

நான் அந்த முதல் படத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இலையின் ஏழு விரலும் ஞாபகம் இருந்தது. ரம்பப் பல் ஞாபகம் இருந்தது. வெள்ளைத் தாளின் மடிப்புகூட ஞாபகம் இருந்தது. அதைப் பிடித்திருந்த விரல் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. விரலால் பிடி என்று விதி வைத்தவன் நான். அந்தப் படம் இப்போது எந்த போல்டரிலும் இல்லை. நானும் பாயும் ஆளுக்கொரு பக்கம் அழித்திருந்தோம்.

அப்போதும் எனக்கு நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. 'படம் தெளிவா இல்லக்கா. விரல்ல பிடிச்சு இன்னொண்ணு அனுப்பு' என்று எழுதினேன். மறுநாள் சாயங்காலம் படம் வந்தது. வெள்ளைத் தாளில் தக்காளிக் குருத்து. அதைப் பிடித்திருந்தது துணி காயப்போடும் நீலக் கிளிப்.

அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கையை மறைக்கிறாள். கிளிப்பைப் பார்த்துக்கொண்டே குடிலை விட்டு வெளியே வந்தேன். இரண்டு குடில்களுக்கு நடுவில் பெரிய விசிறிகள் அனல் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தன. அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். நான் அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே போன் போட்டேன்.

"எதுக்குக்கா கிளிப்ல பிடிச்ச?"

"கையெல்லாம் மண்ணா இருந்துச்சுடா."

"அக்கா."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "அஞ்சு மாசம் ஆச்சு" என்றாள். "மார்ல ஒரு கட்டி. எடுத்துட்டாங்க. இப்ப மருந்து ஏத்துறாங்க, இன்னும் மூணு தடவ இருக்கு. பயப்படாத, நல்லா ஆயிரும்னுதான் சொல்றாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி? நீ அங்க ஒத்தையில கெடக்க. தெரிஞ்சா உனக்குச் சோறு இறங்குமா? எனக்கு இறங்காதது போதும்."

தண்ணீர் குடித்தாலும் வாந்தியாம். ரசம்கூட நாற்றமடிக்கிறதாம். இதை எண்ணெயாக எடுத்துப் பாருங்கள், கொஞ்சம் பசிக்கும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

"அதான் கடையில விக்கிறாங்கல்ல? வாங்குறதுக்கு என்ன?"

"ரெண்டு தடவ போனேன்டா. வாசல் வரைக்கும். மொத தடவ, கோயில்ல பாக்குற அம்மா ஒருத்தங்க எதிர்க்கடையில நின்னாங்க. அடுத்த தடவ யாருமே இல்ல, ஆனாலும் கால் உள்ள போகல. மாமாவும் மாட்டேன்னுட்டாரு. அதான் வீட்டுக்குப் பின்னாடி வச்சிருவோம்னு..."

எனக்கு போலீஸ் பயம். அவளுக்குக் கோயில் கூட்டத்தை நினைத்துப் பயம். பயப்படுவதில் நாங்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். சோறு இறங்காமல் இருந்தவளைப் பார்த்து, மாமாவுக்கு இது ஒண்ணுதான் குறைச்சலா என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் நீ சாப்பிட்டியா என்று கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"செடி எப்படிக்கா இருக்கு இப்ப?" என்றேன்.

"நல்லா இருக்குடா. நீ சொன்ன மாதிரியே கீழ மஞ்சள் நின்னுருச்சு. பூ விட்டுருக்கு. ரெண்டு பிஞ்சுகூட..."

"நான் தக்காளியக் கேக்கலக்கா."

அவள் குரலைத் தாழ்த்தி, "வேணாம்டா. போன்ல வேணாம். உனக்கு எதுக்கு வம்பு" என்றாள்.

"கஞ்சாச் செடியக் கேக்குறேன்" என்றேன். விசிறிச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பினால் குடில் கதவுப் பக்கம் பாய் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் அந்தச் சொல் அவருடைய வங்காளத்திலும் அதேதான். அவர் கதவைச் சாத்திவிட்டு, யாரும் இந்தப் பக்கம் வராதபடி அதற்கு முன்னால் உரச் சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நாலு செடியும் எப்படி இருக்குன்னு ஒவ்வொண்ணா சொல்லு" என்றேன். "அவசரமில்ல. கீழ இலையில இருந்து ஆரம்பி."

அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டே பின்கதவைத் திறந்துகொண்டு போகும் சத்தம் கேட்டது. பிறகு கீழ் இலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.